முத்து மூழ்கிய நீரிணை

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர் கண்ணில் கப்பல் சிதைவு எதுவும் படாது. பழுப்பாகக் கலங்கிய நீர், வரிசை கட்டி நிற்கும் சரக்குக் கப்பல்கள், கரையில் கார்ன்வாலிஸ் கோட்டை. இந்த நீரிணையில்தான் 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் மூழ்கியது. ரஷ்ய மொழியில் ஜெம்சுக் என்றால் முத்து.

மூழ்கடித்த கப்பலைத் தமிழருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது எம்டன். 36 நாட்களுக்கு முன், செப்டம்பர் 22 இரவில், மதராஸ் துறைமுகத்துக்குள் குண்டு வீசி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்த அதே ஜெர்மானியக் கப்பல். மதராஸ் தீயை அணைத்துவிட்டது. கெட்டிக்காரத்தனமும் அழுத்தமும் உள்ள ஆளை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் தங்கிவிட்டது.

பினாங்கில் அந்தப் பெயருக்கேற்ற வேலைதான் நடந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல் தோற்றம் காட்டி உள்ளே நுழைந்தார். நெருங்கியதும் ஜெர்மன் கொடி ஏறியது, டார்பிடோ பாய்ந்தது. ஜெம்சுக்கின் கேப்டன் செர்காசோவ் அப்போது கரையில் இருந்தார். மேல்தளத்தில் எடுத்துச் சுடத் தயாராக இருந்த குண்டுகள் சொற்பம். பீரங்கிச் சூட்டுக்குப் பின் இரண்டாவது டார்பிடோ தைத்ததும் கப்பல் பிளந்தது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். 1905இல் ரஷ்யப் போர்க்கப்பல்களில் பெரும்பாலானவற்றைப் பலிகொண்ட சுஷிமா போரில் தப்பிப் பிழைத்த கப்பல், நங்கூரமிட்டு நின்ற இடத்தில் போனது. செர்காசோவுக்குப் பின்னர் சிறைத்தண்டனை கிடைத்தது.

எம்டன் வெளியேறும்போது ரோந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ‘மூஸ்கே’ என்ற சிறிய பிரெஞ்சுக் கப்பல் எதிர்ப்பட்டது. அதுவும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்தவர்களில் 36 பேரை எம்டனே ஏற்றிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வேறொரு கப்பலில் அனுப்பிவைத்தது. எதிரிகளே முல்லரை மெச்சியதற்கு இப்படிப்பட்ட செயல்களும் காரணம்.

முத்துக்குளிப்பவர்போல இந்த முத்தைத் தேடி இறங்க முடியுமா என்றால், முடியாது. துறைமுக வாசலில் கிடந்த சிதைவு பின்னாளில் பழைய இரும்பாக எடுக்கப்பட்டது. மிச்சம் இருந்தாலும் சேறும் நீரோட்டமும் கப்பல் போக்குவரத்தும் இறங்க விடா. பினாங்கிலிருந்து முக்குளிக்கப் போகிறவர்கள் வடக்கே பாயார் தீவின் பவளப்பாறைகளை நாடுகிறார்கள். கப்பல் சிதைவே வேண்டும் என்பவர்களுக்கு மலேசியாவில் லாபுவான் இருக்கிறது. அங்கே நான்கு கப்பல்கள் கிடக்கின்றன. குவாந்தான் பக்கத்துக் கடலில் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டும் 50 மீட்டருக்கும் கீழே உள்ளன. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு எல்லை 40 மீட்டர். அதற்கும் ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் கள் குடித்தவன்போல் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அவசரமாக மேலே வந்தால் அதே நைட்ரஜன் இரத்தத்தில் குமிழியிடும். தனிப் பயிற்சியும் ஹீலியம் கலந்த வாயுவும் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

ஆனால் இரும்புத் திருடர்கள் போயிருக்கிறார்கள், கிரேனோடு. பழைய குண்டுகளும் துருப்பிடித்த இரும்புமாக ஒரு சீனக் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்கப் படையினர் 2023இல் பிடித்தார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகளின் சமாதி அந்தக் கப்பல்கள். இடுகாட்டைத் தோண்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எம்டனும் அதிக நாள் ஓடவில்லை. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ அடித்த அடியில், முல்லர் அதைப் பவளத்திட்டில் ஏற்றி நிறுத்தினார். அதன் உடலையும் 1950களில் பழைய இரும்புக்காக வெட்டினார்கள்.

பினாங்கில் கண்ணால் பார்க்க மிஞ்சியிருப்பது கரையில்தான்: மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் ஜெம்சுக் மாலுமிகளுக்கான நினைவுச்சின்னம்.