வெள்ளம் என்றால் தண்ணீர்

அம்மிணி, கொச்சியில் உனக்கு வேலை கிடைத்துவிட்டதாக உன் அம்மா குமுளியிலிருந்து போன் பண்ணினாள். என்ன வேலை என்று கேட்டேன். "டிவி பாத்து எழுதற வேலையாம்ப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2002-ல் நான் துபாய்க்குக் கிளம்பியபோது கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். பேப்பர் படிக்கச் சம்பளமா, இங்கே டீக்கடையில் ஓசியிலேயே நடக்குதே என்று.

ஓசியில் நடப்பதுதான். ஆனால் டீக்கடையில் படிப்பவன் படித்ததோடு தன் கருத்தையும் சேர்த்துச் சொல்வான். நம் வேலையில் அதற்கு இடமில்லை. யார் சொன்னான், எந்த மணிக்குச் சொன்னான், எந்த வார்த்தையில் சொன்னான், இந்த மூன்றையும் ஒரு மயிரிழை பிசகாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பது அவன் பாடு.

இங்கே காலை ஆறு என்றால் துபாயில் நாலரை. இந்தியப் பத்திரிகைகளைப் பார்க்கிற எங்கள் கூட்டம் ராத்திரி இரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடும். ஏழு மணிக்குத் தொகுப்பு வாடிக்கையாளர் கைக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்த ஷிப்ட்டை ஓட்டியது நான்தான். ஓட்டுவது என்றால் பெரிய ராஜதந்திரம் ஒன்றும் கிடையாது. யார் லீவு, யாருக்குக் காய்ச்சல், எந்த டிஷ்ஷில் சிக்னல் இல்லை, எந்தச் சேனலைப் பதிவு பண்ண மறந்தோம், டிரைவர் ஏன் இன்னும் ஆளைக் கூட்டி வரவில்லை, இதுதான் ராத்திரி முழுக்க. முதல் மூன்று மாதம் எனக்கு இதெல்லாம் வேலைக்கு நடுவில் வரும் தொந்தரவாகப் பட்டது. அப்புறம்தான் தெரிந்தது, வேலையே இதுதான். ஷிப்ட் மாறும்போது எழுதுகிற ரிஜிஸ்டர் சரியாக இருந்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

நீ தமிழும் மலையாளமும் பார்க்கப் போகிறாய் என்றாளே, அதனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் செய்த தப்பு அது.

2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு அணைச் சண்டை பற்றி எரிந்த நேரம். குமுளி எல்லையில் வண்டிப் போக்குவரத்து நின்றுவிட்டது. கம்பத்திலிருந்து ஏலத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் வரவில்லை. நீ அப்போது ரெண்டாம் வகுப்பு. உன் அம்மா வீட்டைப் பூட்டி உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்து நான் நொடிக்கு ஒரு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்கள் பையன் ஒருவன், தேனிப் பக்கம், மலையாளம் பேசிப் பழகியவன்தான், படித்துப் பழகாதவன், ஒரு சேனலின் முழக்கத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கேரளத்துக்குச் சுரக்ஷை, தமிழ்நாட்டுக்கு வெள்ளம் என்பது முழக்கம். அவன் எழுதியது, கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குப் பெருவெள்ளம்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். நம் பெருவெள்ளத்துக்கு அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள். பாலக்காட்டில் பிறந்த எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? பார்த்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் திருத்தியிருப்பேன். பார்க்கவில்லை. போனில் இருந்தேன். ஏழு மணிக்கு அது போய்விட்டது. சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை, சாபமாகப் போய்ச் சேர்ந்தது.

ஏழு நாற்பதுக்குத் திருத்தம் அனுப்பினேன். நடந்தது என்ன, எங்கே தப்பு, சரியான பொருள் என்ன என்று மூன்று வரி. கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் இந்தத் தொழிலில் அந்த யோசனையை மட்டும் யாரிடமிருந்தும் வாங்காதே. பையன் பெயரை நான் சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையது.

அவசரம் என்ற வார்த்தையும் அப்படித்தான். அவர்களுக்கு அது வாய்ப்பு. சம்சாரிப்பது அவர்களுக்குப் பேசுவது, இங்கே சம்சாரம் வீட்டுக்காரி. கூடப் பிறந்த இரண்டு மொழி என்பதாலேயே இந்த வேலை கஷ்டம். தெரியாத மொழி என்றால் அகராதியைத் திறப்பாய். தெரிந்த மாதிரி இருப்பதுதான் காலை வாரும்.

2009 மே மாதமும் மறக்காது. எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட மூத்தவர். புலிகளின் தலைவர் இறந்துவிட்டார் என்று இலங்கை அரசு டிவி சொன்னது. புலிகள் தரப்பில் செல்வராசா பத்மநாதன் தலைவர் உயிரோடு இருக்கிறார் என்றார். அதே பத்மநாதன் மே 24 அன்று இறந்ததை ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாரமும் யாழ்ப்பாணத்துக்காரர்தான் தட்டச்சு செய்தார். இரண்டு பக்கமும் சொன்னதை, மணியோடு, ஒரு வார்த்தை கூட்டாமல். கண்ணீர் விட்டபடியே அடித்தார். வேறு ஆள் போடட்டுமா என்றேன். "வேண்டாம் தம்பி, வேற ஆள் எழுதினா நான் நம்ப மாட்டன்" என்றார். அந்தப் பதிலை இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காது பழகுவது பற்றியும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பிபிசி ஒரு கண்காணிப்பு அலுவலகம் நடத்தியது, 1939-ல் தொடங்கியது. அதில் ஜெர்மன் வானொலியைக் கேட்டு எழுதியவர்களில் ஒருவர் கோம்பிரிச், பின்னால் ஓவிய வரலாறு எழுதிப் புகழ்பெற்றவர். 1945 மே முதல் தேதி ஜெர்மன் வானொலி, முக்கிய அறிவிப்பு வரப்போகிறது என்று சொல்லி புரூக்னரின் சோக இசையைப் போட்டது. இசையமைப்பாளர் வாக்னரின் மரணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இசை அது என்று கோம்பிரிச்சுக்குத் தெரியும். ஹிட்லர் போய்விட்டார் என்று அறிவிப்புக்கு முன்பே ஊகித்துவிட்டார். நம் வீட்டுக் கிழவிகளுக்கும் இந்தக் கலை தெரியும். ரேடியோவில் பாட்டு நின்று வயலின் மட்டும் அழ ஆரம்பித்தால் "யாரோ பெரிய ஆள் போயிட்டாங்க" என்பார்கள். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். ஆகாசவாணி சாயங்காலம்தான் இறப்பைச் சொன்னது. பிபிசி கேட்டவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

பேசாததையும் கேள். பெட்டிமுடிக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்குப் பக்கம் தோட்டத்து லய வீடுகள் மேல் உருள்பொட்டல். கரண்ட் இல்லை, போன் இல்லை, வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில்தான். எழுபது பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், அவர்கள் பிள்ளைகள். மறுநாள் ஏழாம் தேதி ராத்திரி கரிப்பூரில் விமானம் விழுந்தது. 21 பேர். எல்லாக் கேமராவும் அங்கே போயிற்று. நான் அப்போது ரிடையர் ஆகி வீட்டில் சும்மாதான் இருந்தேன். பழைய பழக்கம், ஒரு நோட்டை எடுத்து எந்தச் சேனல் எதற்கு எத்தனை நிமிஷம் கொடுத்தது என்று கோடு போட ஆரம்பித்தேன். நாலு பக்கத்துக்கு மேல் போட மனசு வரவில்லை. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று அரசு அறிவித்தது. அதையும் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

அப்புறம், தமிழ்ப் பத்திரிகைகள் நிலச்சரிவு என்றுதான் எழுதின. உருள்பொட்டல் வேறு, மண்ணிடிச்சில் வேறு என்று இடுக்கியில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலை வயிறு வெடித்துத் தண்ணீரும் பாறையும் சேர்ந்து இறங்குவது உருள்பொட்டல். அதற்கு ஒரு சரியான தமிழ் வார்த்தையைத் தேடிக்கொண்டேயிருக்கிறேன். உனக்குக் கிடைத்தால் சொல்.

இன்னும் அந்த நோட்டு நடக்கிறது. காலையில் கோடை எஃப்எம் போட்டுவிட்டு மலையாளப் பேப்பர் ஒன்று, தமிழ்ப் பேப்பர் ஒன்று. மழைக்காலத்தில் பெரியாறு அணையின் நீர்மட்டம் இரண்டிலும் என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். அடி ஒன்றாகத்தான் இருக்கும், 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன 142-ஐ எட்ட இன்னும் எவ்வளவு என்ற கணக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று அதைப் பயம் என்று சொல்லும், மற்றது சந்தோஷம் என்று சொல்லும். உன் வேலை முதல் நாளைக்கு இந்த நோட்டு தேவைப்பட்டால் வாங்கிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வருவாயானால் எந்தப் பஸ் என்று முதல் நாளே சொல்லிவிடு, உன் அம்மிச்சி ஒப்புட்டு சுட்டு வைப்பாள்.