நாம் எழுதி முடிக்காத கடிதம்



சில மாதங்களுக்கு முன், மஃரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் கலைந்த நேரத்தில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார் மதரஸா வாசலில் வந்து நின்றார். மருமகள் குடும்ப வன்முறை மனுக் கொடுத்திருப்பதாகவும், நீதிமன்ற அறிவிப்பு வந்துவிட்டதாகவும் சொல்லி அழுதார். "ஹஜ்ரத், என் மகன் நல்லவன்னு நீங்க ஒரு கடிதம் எழுதித் தரணும்" என்றார்.

நாம் பேனாவை எடுத்தோம். "சிறு வயது முதல் இவரை அறிவோம், கை ஓங்கும் குணம் உடையவர் அல்லர்" என்று எழுதத் தொடங்கியபோது கை நின்றுவிட்டது. அவருடைய பன்னிரண்டாம் வயது வரை அவர் ஓதும் முறையை நாம் அறிவோம். அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடந்ததை எவ்வாறு அறிவோம்? வஞ்சகருக்காக வாதாட வேண்டாம் எனத் திருமறையின் 4:105ஆம் வசனம் எச்சரிக்கின்றது. தம் குலத்தானைக் காக்க எண்ணியோர், களவுப் பழியைக் குற்றமற்ற யூதர் ஒருவர்மீது சுமத்திய நிகழ்வை ஒட்டி அது அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் உரைப்பர். உறவுக்காகப் பொய்ச்சாட்சி சொல்வதும் குற்றமே. குற்றமற்றவர்மீது பழி நிலைக்க விடுவதும் குற்றமே.

"கடிதம் வேண்டாம் உம்மா, மகனை அனுப்புங்கள்" என்றோம். இஷாவுக்குப் பின் அவர் வந்தார். "கை ஓங்கினாயா?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் தலைகுனிந்திருந்து, "ஒரு தடவை, ஹஜ்ரத். ஆனா நகையை நான் ஏமாத்தி விக்கல. கடைக்கு முன்பணம் கட்ட ரெண்டு பேரும் சேர்ந்துதான் அடகு வெச்சோம்" என்றார். இதை வேறெவரிடமும் பேசாமல் வழக்கறிஞரிடம் முழுமையாகச் சொல்லுமாறு கூறினோம். பெயரும் ஊரும் இன்றி இதனை எழுத அவர் பின்னர் இசைந்தார்.

வருமானம் குறைந்தவராதலால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக அவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைத்தார். அவருடன் அமர்ந்த அன்று நாமும் கற்றோம். மனு வந்தவுடன் சிறை என்று தாயார் அஞ்சியிருந்தார். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனைவி கோருவது பாதுகாப்பு, உறைவிடம், பராமரிப்புத் தொகை போன்ற நிவாரணங்களையே. ஆனால் நீதிமன்றம் பிறப்பித்த பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அறிவிப்பைப் புறக்கணித்து வீட்டில் இருந்துவிட்டால், அவர் தரப்பைக் கேளாமலேயே ஆணை பிறக்கக்கூடும். ஆணையில் குறை கண்டால் 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

"முத்தவல்லியை அனுப்பிச் சமரசம் பேசலாமா?" என்று தாயார் கேட்டார். வழக்கறிஞர் உறுதியாக மறுத்தார். தூது செல்வதும் தொலைபேசியில் அழைப்பதும் அப்பெண்ணை நெருக்குவதாகும். ஆணை தடுத்திருந்தால் மீறலும் ஆகும். நம் மஹல்லாக்களில் நல்லெண்ணத்தோடு நாம் செய்துவரும் செயல் இது என்பதை எண்ணி வெட்கினோம்.

அடகு ரசீது நீதிமன்றத்தில் அளிக்கப்பட்டது. அதில் இருவர் கையெழுத்தும் இருந்தது. அடித்ததை அவர் மறுக்கவில்லை. மனைவியை அணுகக் கூடாதென்ற ஆணையையும் எதிர்க்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கின்றது. தாயார் நம்மீது சிறிது மனத்தாங்கலோடுதான் இருக்கின்றார்.

அலீ (ரலி) அவர்களை யமன் தேசத்துக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதன் பொருளும் இதுவே. அவருடைய தரப்பு கேட்கப்பட வேண்டும். அவள் தரப்பு அமுக்கப்படக் கூடாது. அநீதி இழைத்த சகோதரனுக்கு நாம் செய்யும் உதவி, அவன் கையைத் தடுப்பதே அன்றோ?

அன்று எழுதத் தொடங்கிய அத்தாள் இன்னும் நம் மேசையில் இருக்கின்றது. அறியாததற்குச் சாட்சி சொல்வதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.