முப்பது நாள் லீவு

ஏப்ரல் 16, 2024, செவ்வாய். துபாய் விமான நிலையம்

பிற்பகலில் வானம் பச்சையாகிவிட்டது. கார்மேகக் கருமை இல்லை, குளத்துப் பாசியின் நிறம். பிறகு கொட்டத் தொடங்கியது. ஷார்ஜாவிலிருந்து தம்பி எங்களைக் கொண்டுவந்து விடும்போதே வழியெல்லாம் கார்கள் பாதி மூழ்கிக் கிடந்தன. அவன் எப்போது வீடு போய்ச் சேருவானோ. எங்கள் பெட்டிகளை எடைபோட்டு உள்ளே அனுப்பிய பிறகு, மதுரை விமானம் போகாது என்று அறிவித்தார்கள்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள போயிருவோம்ல?"

19-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தேர்தலையும் அவள் விட்டதில்லை.

ஏப்ரல் 17

தூணோரம் தரையில் படுத்தோம். காலையில் கவுன்ட்டர் முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். விமானம் எப்போது என்று சொல்ல அங்கே ஆளில்லை. மழை பெய்ததற்கு யாரும் பொறுப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். "இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன? கைக்குழந்தையோடு நின்ற ஒரு மலையாளிப் பெண் அழுதேவிட்டாள். சீருடையில் இருந்த பையனும் முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லையாம். மாற்று ஆள் வரச் சாலை இல்லை. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, கோபமும் ஆறவில்லை.

தம்பி போனில் பேசினான். அவர்கள் கட்டடத்தில் கீழ்த்தளப் பார்க்கிங் மூழ்கிவிட்டது, கரன்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. அவன் வீடு ஏழாவது மாடியில். அம்மாவின் முழங்கால் அதற்குத் தாங்காது. ஆக, தூணோரம்தான் எங்களுக்கு வீடு.

இந்த விமான நிலையத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாக 94.7 மில்லிமீட்டர். நேற்று ஒரே நாளில் 142-க்கு மேல். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 254. 1949-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த நாடு இப்படி ஒரு மழையைக் கண்டதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேகத்தில் மருந்து தூவியதன் வினை என்றார்கள். மழையின்போது தூவவே இல்லை என்று இங்குள்ள வானிலை மையம் சொல்லிவிட்டது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இந்த மழை வரும் என்று முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தார்கள். ஓமானை நனைத்ததும் இதே மேகக்கூட்டம்தான். ஊர் மூழ்கியதற்குக் காரணம் தரையில் இருக்கிறது. இறுகிய மண்ணும் தாரும் தண்ணீரைக் குடிக்காது, மழைநீர் போக வடிகாலும் அதிகமில்லை. லாரிகள் உறிஞ்சி எடுத்துப் போனால்தான் உண்டு.

ஓமானில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

எங்கள் தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். நேற்று அம்மா உட்காரத் தன் அட்டையை எடுத்துக் கொடுத்தவர். ஊர் முதுகுளத்தூர் பக்கம். ஷட்டரிங் கார்பென்டர். வேறு விமானம், வேறு டிக்கெட், ஆனால் எங்கள் கதிதான். ஊருக்குக் கட்டிக் கொண்டுவந்த அட்டைப்பெட்டி உள்ளே போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவு. போன தடவை போய்விட்டு வந்த பிறகு பிறந்த பெண்குழந்தை, போனில்தான் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் அதற்குக் காதுகுத்து.

"லீவு 16-ஆம் தேதியே ஆரம்பிச்சிருச்சுக்கா. இங்கன தரையில உக்காந்திருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்."

அம்மா விடவில்லை. "அப்பன் இல்லாம என்னய்யா காதுகுத்து? தள்ளி வைக்கச் சொல்லு."

"கெடா வாங்கியாச்சும்மா. பத்திரிகை குடுத்தாச்சு. மச்சான் திருப்பூர்ல இருந்து வந்துட்டாரு. மாமன் மடிதானே முக்கியம், நடத்திருங்கன்னுட்டேன்."

சொல்லிவிட்டு போனைச் சார்ஜில் போட இடம் தேடிப் போனார். திரும்பி வந்தபோது அம்மாவுக்கு பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். தம்பி மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு நேற்றே கெட்டுப்போயிருந்தது. மழை விட்டதிலிருந்து அவர் கேம்ப் ஆட்களைத் தண்ணீர் இறைக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "ஊருக்குக் கெளம்பலேன்னா நானும் மோட்டாரோடதான் நின்னுருப்பேன். எங்க ஊர்ல இந்தத் தண்ணி கெடந்தா கண்மாய் ரெண்டு போகத்துக்கு நெறஞ்சிரும்."

கம்பெனி இந்த நாட்களைச் சேர்த்துத் தருமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கணும் என்றார். கேட்கமாட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

நான் தவறவிடுவது என்ன? அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன், விடுப்பு நீண்டுவிட்டது. பதிலுக்கு 'பத்திரமாக வாருங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி

அவசரமில்லாதவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி இந்தியத் தூதரகம் அறிவித்திருக்கிறது. மாலை ஆறு மணி ஆனதும் அம்மா, "அங்க முடிஞ்சு ஒண்ணரை மணி நேரமாச்சு" என்றாள்.

ஏப்ரல் 21, மதுரை

நேற்று கொச்சிக்கு இரண்டு இடம் கிடைத்தது. கூப்பிட்டவுடன் ஓடவேண்டியிருந்தது. அவர் ஏதோ வரிசையில் நின்றிருந்தார், தூரத்திலிருந்து கையைக் காட்டினேன். கவனித்தாரா தெரியவில்லை. அம்மா அவர் நம்பரை முன்பே போர்டிங் பாஸின் பின்பக்கம் எழுதி வாங்கியிருந்தாள்.

இன்று மீனாட்சி திருக்கல்யாணம், தெருவெல்லாம் மஞ்சள் கயிறு. எதிர்வீட்டம்மா விரல் மையைக் காட்டி, "எங்கே போனீங்க, ஓட்டுக்குக்கூட வராம?" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்கு, "இந்நேரம் குத்தியிருப்பாக" என்றாள்.

ஏப்ரல் 23

அழகர் ஆற்றில் இறங்கினார். வழக்கமாக விடியுமுன்னே கிளம்பிவிடும் அம்மா இம்முறை டி.வி.யில் பார்த்தாள். கால் வீக்கம் வடியவில்லை.

துபாயில் விமானங்கள் பழையபடி ஓடத் தொடங்கியதாகச் செய்தி. ஒரே ஒரு நிறுவனத்திடம் மட்டும் 30,000 பெட்டிகள் உரியவரிடம் சேராமல் கிடக்கின்றனவாம். எங்களுடையதும் எங்கோ கிடக்கிறது. அவர் நம்பருக்கு அடித்தேன். துபாய் சிம், அணைத்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 27

அணைத்துத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஊரில் இருக்கிறார். இப்படியும் நினைக்கலாம்.

மே 2

தம்பி பேசினான். அங்கே மறுபடியும் மழை. பள்ளிக்கூடம் ஆன்லைனில், அலுவலகம் வீட்டிலிருந்து. சில விமானங்களை மீண்டும் ரத்து செய்திருக்கிறார்கள். சென்ற முறை அளவுக்கு இல்லை என்றான்.

அம்மா காலண்டரை எடுத்து முதுகுளத்தூர்க்காரரின் லீவை 16-இலிருந்து விரல்விட்டு எண்ணினாள். "அடுத்த மாசம் பாதி வரைக்கும் இருந்திருக்க வேண்டியது, இந்த மாசம் நடுவுலயே கெளம்பணுமா?" இல்லைம்மா, முதலிலிருந்தே மே நடுவில்தான் முடியும் என்றேன். "அப்ப போன நாளு?" என்றாள். போனதுதான் என்றேன்.

முதுகுளத்தூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரிக்கச் சொல்கிறாள். ஊர்ப் பேரே தெரியாதே என்றால், "கண்மாய் உள்ள ஊரு, காதுகுத்து நடந்த வீடுன்னு கேட்டா சொல்லமாட்டாகளா?" என்கிறாள்.

பெட்டியைப் பற்றி இன்றும் கேட்டேன். புகார் எண்ணை மறுபடி வாங்கிக்கொண்டார்கள்.