கொழுந்து நிறுவையும் லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமும்

இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் கொழும்புச் சாலை அப்புத்தளைக்கும் வெல்லவாயவுக்கும் எனப் பிரிகின்ற பெரகலச் சந்தியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், ஒரு கணக்கப்பிள்ளையின் கிறிஸ்தவ விசுவாசம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் கொழுந்து மடுவம், அதாவது பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகை ஆகும். நாளுக்குப் பெரும்பாலும் மூன்று முறை கொழுந்தை நிறுத்து, ஒவ்வொருவருக்கும் உரிய கிலோவைப் பதிந்து, மாலையில் 'பேர்' போடுவது அவரது தொழில். பேர் என்பது ஒரு முழுநாட் சம்பளத்துக்கான பதிவு. தோட்டம் விதித்த நிறையை எட்டாதவருக்கு விழுவது 'அரைப்பேர்'. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதன் பின்னர், விதிக்கப்படும் நிறை பல தோட்டங்களில் கூட்டப்பட்டது எனத் தொழிலாளர் முறையிட்டுவந்த நிலையில், ஒரு கிலோ கூடுவதும் குறைவதும் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடுகின்ற காரியமாகிவிட்டது.

இத்தொழிலின் நுட்பமான பகுதி 'கழிவு' எனப்படுவது. சாக்கின் எடையும், மழைநாளில் இலையில் ஒட்டிவரும் நீரின் எடையும் நிறையிலிருந்து கழிக்கப்பட வேண்டியவையே என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் கண்ணுக்கும் மனச்சாட்சிக்கும் விடப்படும்போது, வெயில் காய்ந்த நாளிலும் மழைநாட் கழிவே தொடர்வதற்கு வழி திறந்துவிடுகிறது. அவ்வாறு கழிக்கப்பட்ட கொழுந்து எங்கும் மறைந்துபோவதில்லை. 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும் என்பது ஆலைக்காரர் அறிந்த கணக்கு. அந்த 100 கிலோவை மலையில் 95 என்று பதிந்துவிட்டால், அதே தூள் இப்போது 95 கிலோவிலிருந்து வந்ததாகத் தோன்றி, ஆலையின் விளைவு வீதம் உயர்ந்து, அது திறமையான நிர்வாகத்தின் அடையாளமாகப் பாராட்டப்படவும் கூடும். கழிவைக் கூட்டிய கணக்கப்பிள்ளை தம் பைக்குள் ஒரு சதமும் போட்டுக்கொள்வதில்லை. தாம் நேர்மையானவர் என்று அவர் மனமார நம்புவதும், ஞாயிறு ஆராதனையில் கலக்கமின்றி நிற்பதும் இதனாலேயே.

இந்த நம்பிக்கையை வேதம் ஏற்பதில்லை. லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யலாகாது என்று கட்டளையிடும்போது, அந்த அநியாயத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பதில்லை. அதன் பேச்சு தராசைக் கையில் வைத்திருப்பவனோடு. எசமானுக்கு உண்மையாயிருப்பதே கிறிஸ்தவ ஊழியனின் கடமை என்று தோட்டச் சபைகளில் நெடுங்காலம் போதிக்கப்பட்டுவந்த பாடம் அரைப்பாடமே என்பதை இவ்விடத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாடம் அவ்வாறு அமைந்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தோட்டத் தமிழரிடையே சுவிசேஷப் பணிக்கென 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' கோப்பித் தோட்டத்துரைமாரின் ஆதரவோடும் பணத்தோடும் இயங்கியதாகும். துரையின் கொடையில் வாழ்ந்த உபதேசியார் துரையின் தராசைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிதாக இருந்திருக்க முடியாது.

அதே அதிகாரத்தில் நிறையைப் பற்றிய கட்டளைக்குச் சற்று முன்னே நிற்பது அந்நியனை ஒடுக்கலாகாது என்னும் கட்டளை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகவே முழுமையாகக் குடியுரிமை பெற்ற ஒரு மக்கள் கூட்டத்தின் நடுவே இவ்விரு கட்டளைகளையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, அவை ஒன்றை ஒட்டி ஒன்று எழுதப்பட்டதன் பொருத்தம் தானாகவே விளங்கும்: நியாயம் கேட்டுப் போக இடமில்லாதவரிடமே நிறை குறைப்பது எளிது. தராசின் முன் கூடையோடு நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. கணக்கப்பிள்ளையின் ஆலயத்துக்குள் அவர்கள் வருவதில்லை. அவருடைய விசுவாசத்தைப் பற்றி அவர்கள் அறிவதெல்லாம் அவர் முள்ளை வாசிக்கும் விதத்திலிருந்துதான்.

இரக்கமுள்ள கணக்கப்பிள்ளைக்கு நேர்மாறான ஒரு சோதனையும் உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புருஷனை இழந்தவளோ, காய்ச்சலோடு மலைக்கு வந்தவளோ இரண்டு கிலோ குறைவில் பேரை இழக்கப்போகிறாள் என்று கண்டு, இல்லாத கிலோவை எழுதிவிடும் மனிதரைக் கொடியவர் என்று எவரும் சொல்லமாட்டார். எனினும், அன்று இரக்கத்துக்காக வளைந்த பேனா மறுநாள் உறவுக்காகவும், அதற்கடுத்து அச்சத்துக்காகவும் வளையும். மலையில் பதிந்துவைத்த மொத்தம் ஆலை நிறையோடு ஒத்துவராதபோது அந்தக் குறைவை நிரப்ப வேறொருத்தியின் கூடையில் கழிவு கூடும். அதே 19ஆம் அதிகாரம் இதற்கும் இடம் காட்டுகிறது: வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடச் சொல்லும் கட்டளை அதில் உண்டு. இரக்கத்துக்குரிய இடம் அங்கே வயலாகவே இருக்கிறது. தோட்டத்திலும் நிரை, அதாவது ஒவ்வொருவரும் கொழுந்து பறிக்க வேண்டிய வரிசை, பிரிக்கும் காலைப்பொழுது கணக்கப்பிள்ளையின் கையில்தான் உள்ளது. இலை நிறைந்த நிரையை வலுவில்லாதவளுக்கு ஒதுக்கவும், கர்ப்பிணியைச் செங்குத்தான மலைக்கு அனுப்பாமல் இருக்கவும், தாமதமாக வந்த தாயை, காலையில் வேலை பிரிக்கும் இடமான பிரட்டுக்களத்திலிருந்து திருப்பி அனுப்பாமல் வேலை கொடுக்கவும் அவருக்கு இயலும். இத்தனை வாசல்களையும் மூடிவிட்டு, மாலையில் தராசருகே இரக்கம் தேடுவது தொழிலை அறியாதவரின் வழி.

தராசைப் பேணும் விதத்துக்கு ஒரு மாதிரி அருகிலேயே உண்டு. அப்புத்தளையில், தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகையில் இன்று வாழும் பெனடிக்டைன் துறவிகள் பழங்களிலிருந்து ஜாமும் பானங்களும் செய்து விற்கின்றனர். அவர்கள் பின்பற்றும் 6ஆம் நூற்றாண்டு ஒழுங்குநூல், மடத்துப் பொருளை விற்கையில் வஞ்சகம் கூடாதென்றும், பண்டசாலைக்குப் பொறுப்பானவர் மடத்தின் கருவிகளைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலக் கருத வேண்டுமென்றும் விதிக்கிறது. தராசைத் துடைத்து, சுமையேற்றுமுன் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பெண்களைப் பார்க்கச் செய்து, அதன் பின்னரே முதற் கூடையை மாட்டுகின்ற கணக்கப்பிள்ளை அந்த விதியை வாசிக்காமலே நிறைவேற்றுகிறார் எனலாம்.

யூலை முதல் செப்டெம்பர் வரை உலர்காற்று வீசும் ஊவாப் பருவத்தில் இச்சோதனை உச்சமடைகிறது. அப்போது தேயிலையின் மணம் கூடி ஏலவிலை ஏறும், மலையிலோ கொழுந்து குறைந்து அரைப்பேர்கள் பெருகும். அந்த மாதங்களில் விதித்த நிறையைக் குறைக்கும்படி துரையிடம் எழுத்தில் கேட்பது கணக்கப்பிள்ளையின் கடமைக்குள் அடங்கும். கேட்பதற்கு அவரிடம் சான்று இருக்க வேண்டுமானால், கழிவைப் பதிவேட்டில் தனி நிரலில், காரணத்தோடு, ஒவ்வொரு நிறுவைக்கும் எழுதி வந்திருக்க வேண்டும். இலத்திரனியல் தராசு வந்துள்ள தோட்டங்களிலும், கழிவு எத்தனை கிலோ என்னும் எண்ணை ஒரு மனிதரே தீர்மானிக்கிறார் என்பதால், அந்தத் தனி நிரலின் தேவை அங்கும் நீங்கிவிடவில்லை.