2.10 பெரிசா, 2.8 பெரிசா?

ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க வெள்ளி நல்லா இருக்குமாமேடா, கைக்கு ஒரு காப்பு வாங்கிட்டு வா." கை ஊரில், கடை ஜோஹரி பஜாரில். அளவு எடுப்பது எப்படி? உங்களுக்கும் உதவலாம் என்று எழுதி வைக்கிறேன்.

வளையல் கணக்கில் 2.10 என்பது 2.8ஐ விடப் பெரிசு. வட்டிக் கணக்கு போடுகிற எங்களுக்கு இது கொஞ்சம் உதைக்கும் :-) புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.8 என்றால் உள்விட்டம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. 2.10 என்றால் 66.7.

அளக்க வேண்டியது மணிக்கட்டை அல்ல. கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கிக் கையைக் குவித்து, முட்டிகளின் மேல் நூலைச் சுற்ற வேண்டும். அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம்.

தங்கை அளந்து போனில் சொன்னாள். முட்டி 21 செ.மீ., மணிக்கட்டு 15. கணக்குப்படி 2.10. ஆனால் வாதத்தில் வீங்கிய முட்டி சோப்பு போட்டாலும் அமுங்காது. வலியோடு உள்ளே தள்ளினாலும், மெலிந்த மணிக்கட்டில் காப்பு தொளதொளவென்று ஆடும். கழற்றுவது அதைவிட வேதனை.

அதனால் கீல் வைத்துத் திறக்கிற, திருகாணி போட்ட காப்பு. இதற்கு முட்டி அளவே வேண்டாம். மணிக்கட்டோடு 2 செ.மீ. சேர்த்தால் 17, அதாவது 2.2. 925 முத்திரை பார்த்து வாங்கிவிட்டேன். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம்.

ஒன்றுதான், ஒற்றைக் கையால் திருகாணியைத் திருக அம்மாவால் முடியாது. தங்கை திருகிவிடுவாள், கூரியரில் அனுப்பவா என்றேன்.

"வேண்டாம், நீயே வந்து போட்டுவிடு."

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு.