துளையுள்ள மரம்

பழைய மரத்தில் என் கண்ணில் முதலில் படுவது துளைதான். ஆணி போன துளை, திருகாணி போன துளை, இன்னொரு சட்டத்தின் நாக்கு வந்து உட்கார்ந்திருந்த சதுரத் துளை, கொண்டி உரசி உரசி வழவழப்பாகிப்போன துளை. தச்சு வேலைக்காரர்களுக்கு இதெல்லாம் குறை. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்துச் சுவடே தெரியாமல் பண்ணிவிடுவார்கள். நான் அடைப்பதில்லை. இந்தக் கட்டை முன்பு எங்கே, என்னவாக இருந்தது என்று சொல்ல அதனிடம் மிஞ்சியிருப்பது அந்தத் துளை ஒன்றுதான்.

பழைய வீடு இடிக்கிற இடத்துக்குப் போனால் தேக்கு சும்மா கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. சென்னையில் அது நடக்காது. இடிக்கிற ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத் தானே பணம் கொடுத்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்குவார். கதவு, ஜன்னல், நிலை, உத்திரம், கம்பி எல்லாம் அவர் கணக்கு. பழைய மரக் கடைக்காரர் முதல் நாளே வந்து அளந்துகொண்டு போயிருப்பார். இனாமாகக் கிடைப்பது இவர்கள் இருவரும் வேண்டாம் என்று தள்ளியது மட்டும். உடைந்த ஜன்னல் பட்டிகள், முழ நீளத் துண்டுகள், சிமெண்ட் ஒட்டிய சென்ட்ரிங் பலகை, சாரத்துக்கு நின்று ஓய்ந்த சவுக்குக் கழிகள். எனக்கு வேண்டியதும் அவைதான்.

மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் பழைய மாடிகளைப் பிரிக்கும்போது பார்க்க வேண்டும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டாக, மூலைவாட்டத்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, தட்டோடு பதித்த கூரை. கட்டைகளைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். சுவருக்குள் புதைந்திருந்த முனை ஈரம் வாங்கியிருக்கும் என்பதால் அதை அறுத்துத் தள்ளிவிடுவதும் உண்டு. அப்படித் தள்ளிய முனை ஒன்றைக் கையில் எடுத்தால் மேலே சுண்ணாம்பு, அதன் கீழே சாம்பல் நிறம், புகை ஏறிய கருமை. இழைப்புளியை ஒரு தரம் ஓட்டினால் போதும்: உள்ளே பொன்னிறம், கூடவே தோல் பதனிடும் இடத்தின் நெடியும் எண்ணெய் வாசமும் கலந்த தேக்கின் மணம். நூறு வருஷம் ஆகியும் அந்த எண்ணெய் வற்றுவதில்லை. கரையான் அண்டாததும் அதனால்தான். அதில் அடித்த இரும்பு ஆணியைப் பிடுங்கினாலும் அநேகமாக முழுசாக வரும். ஓக் மரத்தின் புளிப்பு இரும்பை அரித்துவிடும். தேக்கு அதைக் காப்பாற்றி வைக்கும். கப்பல் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய ‘ட்ரிங்கோமாலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றைக்கும் மிதந்துகொண்டிருக்கிறது.

பழைய மரத்தின் மதிப்பை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் தென்காசிப் பக்கம் பாட்டி வீட்டுக்கு வேலைக்கு வரும் ஆசாரி. புதுப் பலகை வாங்க வசதி இருந்தாலும், பழைய மரம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். தொழுவத்துப் பரணில் கிடக்கும் கட்டைகளை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தரையில் ஒரு முனை ஊன்றி மறுமுனையில் விரலால் சுண்டிக் கேட்பார். சத்தம் கணீரென்றால் ஒரு பக்கம், மந்தமாக இருந்தால் மறுபக்கம். பிறகு பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிக் கட்டைமேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவார். நூல் எங்கே இழுபடுகிறதோ அங்கே ஆணி. கரித்துண்டால் வட்டம் போட்டுவிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பார். புது மரம் வாங்காமல் இதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இது எல்லா மழையையும் வெயிலையும் பாத்துட்டு தம்பி. இனிமே இதுக்கு முறுக்கிக்கிட ஒண்ணும் கெடையாது.”

ஆனால் அவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இடிந்த வீட்டு நிலையை இன்னொரு வீட்டுக்கு நிலையாக வைக்க மாட்டார். அது வேறொரு குடும்பத்தின் வாசல் என்பார். அதே மரத்தில் பெஞ்சு செய்வார், மாட்டுத் தொட்டிக்குச் சட்டம் போடுவார், தொட்டில் கட்டக் கொம்பு செதுக்குவார். வாசலாக மட்டும் நிறுத்த மாட்டார். சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் அந்த மரியாதை பிடித்திருந்தது.

எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற ஊரைப் பற்றி முதலில் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் டாலமி தன் தாயின் பெயரில் அமைத்த துறைமுகம் அது. பின்பு ரோமானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து மிளகு போய் இறங்கிய இடம். சுற்றிலும் பாலைவனம். ஊரைச் சுற்றி வேல மரம், கடலோரத்தில் கொஞ்சம் அலையாத்தி, அவ்வளவுதான். உத்திரம் போட நீளமான கட்டை அங்கே முளைக்க வழியே இல்லை. 1994 முதல் அங்கே அகழாய்வு நடக்கிறது. கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சால் ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது. தமிழ் பிராமியில் ‘கொற்றன்’ என்று படிக்கப்படும் பெயர் கீறிய பானை ஓடும் கிடைத்தது. மிளகையும் கொற்றனையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசவேண்டியதுதான். என்னை நிறுத்திவைத்தது வேறு. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் அந்த ஊர்க்காரர்கள் கட்டிய வீட்டுச் சுவர்களுக்குள் தேக்குக் கட்டைகள் இருந்தன.

பவளப்பாறைக் கற்களை அடுக்கிய சுவர். கல் சரியாமல் இறுக்கிப் பிடிக்க நடுவில் மரம். அந்த மரம் எகிப்தில் விளையாத தேக்கு. அதைச் சுவருக்காக யாரும் கடல் கடந்து கொண்டுவரவில்லை. எப்படித் தெரியும்? துளைகள் இருந்தன. பலகையோடு பலகையைக் கோத்த நாக்குத் துளைகள், முளை அடித்த வட்டத் துளைகள். சுவரில் கிடக்கும் கட்டைக்கு அந்தத் துளைகளால் எந்தப் பயனும் கிடையாது. கப்பலின் உடம்பில்தான் அவற்றுக்கு வேலை உண்டு. பருவக்காற்றில் போய்வந்து ஓய்ந்த கப்பலைக் கரையில் இழுத்துப் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பிரித்த மரம் சுவருக்குள் போயிருக்கிறது.

அந்தக் கப்பலைப் பிரித்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பாலைவன ஓரத்தில், நல்ல தண்ணீருக்கே தவிக்கிற ஊரில், தேக்கு எந்த மலையில் வளர்கிறது என்று கண்ணால் கண்டிராத ஒருவர், பலகையைச் சுண்டிப் பார்த்து இது வீட்டுக்கு ஆகும், இது அடுப்புக்கு ஆகும் என்று பிரித்து வைத்திருப்பார். துளையை அடைக்க அவர் மெனக்கெடவில்லை. அடைத்திருந்தால், ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து மண்ணைச் சுரண்டியவர்களுக்கு அது வெறும் கட்டையாகத்தான் தெரிந்திருக்கும். தேக்கு அந்நாளில் சரக்காகவும் போனது. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளுஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல், பரிகாசா என்ற பரூச்சிலிருந்து பாரசீக வளைகுடாத் துறைகளுக்கு மரம் போனதைக் குறித்து வைத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மரம் கணக்கில் ஏறிவிட்டது. கப்பலைப் பிரித்து எடுத்த மரத்துக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை, துளைதான் சாட்சி.

இதே காரியத்தை மற்றவர்களும் செய்திருக்கிறார்கள். லண்டனில் லிபர்ட்டி என்ற கடையின் 1924ஆம் வருஷக் கட்டடம் ‘இம்ப்ரெக்னபிள்’, ‘ஹிந்துஸ்தான்’ என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களின் மரத்தில் எழுந்தது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தன் கட்டடங்களில் வைத்துக் கட்டினார். முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குள் நடந்தால், நிறுத்தப்படாமலே போன வீடுகளின் தூண்கள் சுவரில் சாய்ந்திருக்கும். அவை பர்மாத் தேக்கு. அந்தக் காலத்தில் பர்மாவில் மரத்தை வெட்டுவதற்குச் சில வருஷம் முன்பே அடியில் சுற்றி வளையமாகக் கொத்திவிடுவார்கள். மரம் நின்ற இடத்திலேயே காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் முழுகும், காய்ந்தால்தான் மிதக்கும். யானை இழுத்து ஓடையில் தள்ளி, ஐராவதியில் தெப்பமாக ரங்கூனுக்குப் போகும். கட்டையின் முனையில் யாருடைய மரம் என்று சுத்தியல் முத்திரை அடித்திருப்பார்கள். மாடிக் கட்டைகளின் அறுத்துப்போட்ட முனைகளை நான் குப்பையிலிருந்து பொறுக்குவதற்கு அந்த முத்திரையும் ஒரு காரணம். என்றாவது ஒன்றில் அது தென்படும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முத்திரை உள்ள மரம் வேண்டுமென்றால் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர்ப் பக்கம் போனால் போதும். தொழிற்சாலைக்கு வெளிநாட்டு இயந்திரமும் உதிரிபாகமும் வந்து இறங்கும் மரப் பேலட்டுகளும் பேக்கிங் பெட்டிகளும் உடைந்தால் வெளியே வந்துவிடும். கொஞ்சம் பழைய சாமான் கடைக்குப் போகும், கொஞ்சம் டீக்கடை அடுப்புக்குப் போகும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சூட்டுக்கோலில் பொசுக்கினாற்போல ஒரு கட்டம், அதற்குள் கோதுமைக் கதிர், பக்கத்தில் எழுத்துகள். மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போய்விடக்கூடாது என்று 2002இல் உலக நாடுகள் ஏற்ற விதி அது. கே.ஆர். என்றால் கொரியா, டி.இ. என்றால் ஜெர்மனி, ஐ.என். என்றால் இந்தியா. எச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியது. அதைத் தோட்டத்துக்கு எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு, அந்தப் பலகையைத் தொடவே வேண்டாம். உள்ளூரில் மட்டும் சுற்றும் பேலட்டுக்கு முத்திரை இருக்காது. அதில் எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரகடம் சாலையில் டீக்கடை பெஞ்சுகளின் அடியில் குனிந்து பார்த்தால் டி.இ. தெரியும். ஜெர்மனியில் சூடேறிய பைன் பலகையில் உட்கார்ந்து நம் பையன்கள் ஷிப்டுக்கு முன்னால் டீ குடிக்கிறார்கள். அன்று நம் தேக்கு பெரெனிகே சுவரில் நின்றது, இன்று அவர்கள் பைன் நம் பெஞ்சில் நிற்கிறது. சரக்கு போகிற ஊருக்கெல்லாம் அதைச் சுமந்துவந்த மரமும் போய்ச் சேர்கிறது. சரக்கை வாங்கியவர் திரும்பிப் பார்க்காத அந்த மரத்தை ஊரில் யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். கொற்றன் பெயர் கிடைத்த இடத்தில் அந்த யாரோவின் பெயரும் கிடைத்திருக்கலாகாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

பேலட்டைப் பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும். அதில் அடிப்பது முறுக்கு ஆணி, கடப்பாரையால் நெம்பினால் பலகைதான் பிளக்கும். சந்தில் இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடை விட்டு ஆணியை நடுவில் அறுத்துவிட்டால் பலகை முழுசாக வரும். ஆணித் தலை மரத்திலேயே தங்கிவிடும், இருந்துவிட்டுப் போகட்டும். சென்ட்ரிங் பலகையில் ஒட்டிய சிமெண்டைக் கம்பிப் பிரஷால் உதிர்க்காமல் இழைப்புளியை வைக்கக் கூடாது, அலகு போய்விடும். பழைய ஜன்னல் பட்டியின் பச்சை வண்ணத்தை அழகாக இருக்கிறதே என்று உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தைய வண்ணத்தின் தூசு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைத்தால் பலருக்குச் சபலம் தட்டும். கனமான, கம்பீரமான மரம்தான். ஆனால் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கக்கூடும். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

இடிக்கிற இடத்தில் மேஸ்திரியைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடவேண்டும். காலையில் கேட்டால் எரிச்சல்படுவார். சாயங்காலம், ரப்பிஷ் லாரி வருவதற்கு முன்னால் போனால், எடுத்துட்டுப் போங்க சார், எங்களுக்கு ஏற்றுகிற வேலை மிச்சம் என்பார். சவுக்குக் கழிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவரைக்கும் புடலைக்கும் பந்தல் கால் அதைவிட நன்றாக அமையாது. மண்ணுக்குள் போகும் அடிக்கு மட்டும் தீ காட்டிக் கருக்கிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். பைன் பலகையில் கீரைப் பெட்டி செய்தால் தரையில் வைக்காமல் நான்கு மூலைக்கும் செங்கல் கொடுங்கள், நம் ஊர்க் கரையானுக்குப் பைன் என்றால் கொள்ளைப் பிரியம். தேக்கு முனைகளுக்குச் செங்கல் வேண்டாம். அவற்றைப் பாத்தி ஓரத்தில் அப்படியே மண்ணில் பதிக்கலாம், துளை உள்ள பக்கம் வெளியே தெரியும்படி.