தென்வானத்து இரட்டையர்

கதிரவனைத் தினமும் பார்க்கும் நமக்கு, அதுவும் ஒரு விண்மீன்தான் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. மற்ற விண்மீன்கள் வெகுதொலைவில் இருப்பதால் புள்ளிகளாகத் தெரிகின்றன. கதிரவனைப் போன்ற இன்னொன்று நமக்கு அண்மையில் உண்டா? உண்டு. அதன் பெயர் ஆல்பா சென்டாரி.

கொல்லிமலையில் குண்டூர் நாட்டைச் சேர்ந்த நாங்கள் நால்வர், விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பில் படிக்கிறோம். சென்ற மே விடுமுறைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஊருக்குப் போனபோது, அறிவியல் ஆசிரியை தந்த வான்படத்தையும் கொண்டு சென்றோம். இரவு பத்து மணிக்கு மேல் களத்து மேட்டில் நின்று தெற்கே நோக்கினோம். தென்சிலுவை விண்மீன்களுக்கு இடப்புறம் இரண்டு பிரகாசமான மீன்கள் தெரிந்தன. அவற்றுள் இடக்கோடியில் இருப்பதே ஆல்பா சென்டாரி. கையை நீட்டி முட்டி பிடித்துப் பார்த்தால், அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரம்கூட இல்லை. டெல்லியில் உள்ளவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டியே எழும்புவதால் காண்பது அரிது. தெற்கே வாழும் நாம் பாக்கியசாலிகள்!

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அவை இரண்டு. இதைக் கண்டறிந்தவர் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு. 1689 டிசம்பரில் நம் பாண்டிச்சேரியில் தொலைநோக்கி வழியே வால்நட்சத்திரம் ஒன்றை ஆராய்ந்தபோதுதான் இந்த இரட்டையரைக் கண்டார்.

இரட்டையரில் மூத்தது ஏறத்தாழக் கதிரவனின் உடன்பிறப்பே. மேற்பரப்பின் வெப்பம் கதிரவனைப் போலவே சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். எடை கதிரவனைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கும், குறுக்களவு இருபத்திரண்டு பங்கும் அதிகம். ஒளி ஒன்றரை மடங்கு. இளையது சற்றுச் சிறியது, வெப்பமும் குறைவு, கதிரவனின் ஒளியில் பாதியே தருவது, நிறமும் சற்று ஆரஞ்சு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு வயது எண்பது. "அப்போ நான் பொறந்ததுலேருந்து ஒரே ஒரு சுத்துதானா?" என்று பாட்டி சிரித்தார்.

இவற்றோடு பிராக்சிமா என்னும் மங்கிய செந்நிற விண்மீனும் உண்டு. 1915இல் கண்டுபிடிக்கப்பட்ட அதுவே கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ளது. அதைச் சுற்றும் கோள் ஒன்றை 2016இல் கண்டறிந்தார்கள்.

அருகில் என்றாலும் எவ்வளவு தூரம்! ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கதிரவனிலிருந்து எட்டு நிமிடங்களில் வந்துவிடும் ஒளிக்கு, ஆல்பா சென்டாரியிலிருந்து வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றிரவு நாங்கள் கண்ட ஒளி புறப்பட்டபோது நாங்கள் மலைப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம்.

அந்த வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர். ஒளி வந்து சேர்ந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது நாங்கள் நால்வர் மட்டுமே. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றாள். இருவர் மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தி மில் வேலைக்குச் சென்றுவிட்டாள். ஒருத்திக்கு இப்போதே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். காட்டு வேலைக்குப் போகும் தோழி ஒருத்தியும் அன்று களத்து மேட்டுக்கு வந்திருந்தாள். படத்தைப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் முன்னே அந்த விண்மீனைச் சுட்டிக்காட்டியவள் அவள்தான். பரண்மேல் இருந்து பன்றிக்குக் காவல் காத்தே வானத்தை அறிந்தவள் அல்லவா! "இந்தப் படம் எனக்கும் ஒண்ணு வேணும்டி" என்றாள். மறுநாளே நோட்டுத் தாளில் வரைந்து கொடுத்தோம். வேறு என்ன கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களைப் போன்ற மலையாளி மக்கள் வாழும் ஜவ்வாது மலையில், காவலூரில், 93 அங்குலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. மலைமேல் தொலைநோக்கி ஏறிவிட்டது. மலைப் பெண்களும் அதனருகே செல்ல வேண்டாமா? பெற்றோர்களே, ஐந்தாம் வகுப்போடு எங்கள் தங்கைகளை நிறுத்திவிடாதீர்கள். நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்தால் ஒளி நிச்சயம் வந்து சேரும்.